பொருள்: பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக

அனுப்புநர்:
வாக்காளர் அடையாள அட்டை வைத்திருக்கும் சென்னைவாசி ஒருவன்.

பெறுநர்:
தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்,
காமராசர் சாலை, சென்னை – 5.

பார்வை:
1. தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம், 1971.
2. அரசியலமைப்புச் சட்டம், பிரிவு 243-யு.
3. வீடற்றோர் காப்பகங்கள் குறித்த உச்ச நீதிமன்ற ஆணை, 2010.

ஐயா / அம்மையீர்,

பட்டா கேட்பவர், ஒதுக்கீடு கேட்பவர், ஒழுகும் கூரைக்கும் ஓடாத லிஃப்டுக்கும் நியாயம் கேட்பவர் என்று உங்கள் தபால் பை மனுக்களாலேயே நிறைந்திருக்கும். இது மனு அல்ல, பாராட்டு. ஆகவே 'சம்பந்தப்பட்ட பிரிவுக்கு' என்று மூலையில் கிறுக்கி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடாமல், முழுதும் படித்தருள வேண்டுகிறேன்.

முதல் பாராட்டு உங்கள் கணக்குக்கு. வாரியம் பிறந்தது 1970இல், சட்டம் வந்தது அடுத்த ஆண்டு. அந்தச் சட்டப்படி ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால் தலைவலி தொடங்கிவிடும். தண்ணீர், விளக்கு, கழிப்பறை தர வேண்டும். நினைத்த நேரத்தில் புல்டோசரை அனுப்பவும் முடியாது. 1971இல் சென்னையில் 1,202 இடங்களை அறிவித்தீர்கள். 1985இல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அந்தப் பட்டியலில் பேனா படவேயில்லை. இதற்கிடையே ஊர் பெருத்து, 2011இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஐ.டி. கட்டடங்கள் எழுந்தன. அவற்றைக் கட்டிய கொத்தனாரும் சித்தாளும் எங்கோ தங்கத்தான் செய்தார்கள். பட்டியலில் மட்டும் ஒருவரும் குடியேறவில்லை. ஒரு செங்கல் செலவில்லாமல் குடிசை வளர்ச்சியைத் தடுத்து நிறுத்திய வாரியம் உலகத்தில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

பட்டியலுக்கு வராதவர்கள் வசிப்பது 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் ஓலையோ தகரமோ தென்பட்டால் நீரோட்டம் தடைபடுகிறதாம். தண்ணீருக்கு இருக்கிற ஆள் பார்க்கும் திறமை என்னை வியக்க வைக்கிறது. அதே பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டிருக்கிறார்கள், ஸ்டேஷனும் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மரியாதையாக ஒதுங்கிப் போகிறது. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே கிடக்கிறது, ஆறு ஆட்சேபிக்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் குடம் இருக்கிற வீடுதான் அதன் கண்ணை உறுத்துகிறது.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும், அடையாற்றங்கரைக் குடும்பங்களை இனியொரு வெள்ளம் தொடக்கூடாது என்று லாரி அனுப்பினீர்கள். போய் இறங்கிய இடங்களில் ஒன்று பெரும்பாக்கம், அதாவது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பழைய பழக்கத்தை விடாமல் தண்ணீர் அங்கேயும் வந்து நலம் விசாரித்தது.

அடுத்த பாராட்டு, வீட்டுக்கு. ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டிய வீட்டின் பரப்பு 195 சதுர அடி. கோப்பில் அது ஓர் எண். உள்ளே போய்ப் பார்த்தால், சுவரோரம் ஒரு கட்டில், அதன்மேல் சுருட்டிய பாய்கள், அடியில் ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடப் பைகளும், கால்மாட்டில் பீரோ, பீரோவை ஒட்டி கேஸ் அடுப்பு. அக்கா உடை மாற்ற வேண்டுமென்றால் அப்பாவும் தம்பியும் மாடிப்படியில் போய் உட்கார வேண்டும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டுவேலை பார்த்தவர்கள் இருட்டோடு பஸ் பிடித்தால்தான் ஏழு மணிக்கு அடுத்தவர் வீட்டுக் காபிப் பாத்திரத்தைத் தேய்க்க முடியும். வீட்டை இடம் மாற்றினீர்கள். வேலையை மாற்ற மறந்துவிட்டீர்கள். அரசவைக்கே போய் நியாயம் கேட்டவளின் பெயரை, கோட்டைக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடுகிற இடத்துக்குச் சூட்டிய உங்கள் நகைச்சுவை உணர்வு வாழ்க. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது வாரியத்தின் முழக்கம். இறைவனை இவ்வளவு தூரத்தில் குடிவைத்தால் தரிசனத்துக்கு யார் போவது?

கட்டுமானத்தையும் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவின் புது அடுக்குமாடியில், கையால் சுரண்டினால் பூச்சு பொலபொலவென்று உதிர்வதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்தார்கள். பொறியாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அத்தனை மாடிகளின் பொறுப்பும் இரண்டு பேர் தோளில் அடங்கிவிட்டது. பொறுப்பு அவ்வளவு லேசான பொருளால் செய்யப்பட்டிருக்கிறது போலும். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. உயிரிழப்பு இல்லை. அதற்கு எந்த ஆய்வறிக்கையும் காரணமல்ல. விரிசலைக் கவனித்து, குடியிருந்தவர்களே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார்கள். கட்டட உறுதிச் சோதனையைப் பயனாளிகளிடமே ஒப்படைத்த இந்த சுயசேவைத் திட்டத்துக்கு இன்னும் விருது கிடைக்காதது வருத்தமே.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? கவுன்சிலரிடம் என்பது பாடப்புத்தகப் பதில். சென்னை மாநகராட்சி மன்றத்தை 1973இல் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல். பிறகு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. முதலில் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அடுத்து வார்டு மறுவரையறை, அப்புறம் ஏதேதோ. வாக்கு இயந்திரம் வந்து சேர்ந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்று 243-யு சொல்கிறது. அதைப் படிக்கத்தான் நேரமில்லை. கூட்டிப் பாருங்கள்: உங்கள் வாரியம் பிறந்த நாளிலிருந்து ஏறக்குறைய பாதிக் காலம் சென்னைக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. 2017க்கும் 2019க்கும் இடையில் கூவம் கரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றினீர்களே, அப்போது சென்னையின் 200 வார்டுகளில் ஒன்றுக்குக்கூட கவுன்சிலர் இல்லை. குறுக்கே படுக்க ஆளில்லாதபோது சாலை எவ்வளவு அகலம்! இது பழைய கதை என்று சொல்லவும் வழியில்லை. 2019இல் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், தேர்தலுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள்தான் வந்தார்கள்.

பெரும்பாக்கத்தில் உங்கள் சாமர்த்தியம் இன்னொரு படி மேலே போனது. அது மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சியில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சென்னை வார்டில் ஓட்டுப் போட்டவர், லாரியில் ஏறி எட்டடுக்கு பிளாக்கில் இறங்கியதும் கிராமத்து ஆளாகிவிட்டார். 2021 அக்டோபரில் அவருக்கு வந்தது ஊராட்சித் தேர்தல். நாலு மாதம் கழித்து, அவரைத் துரத்திய நகரம் கவுன்சிலர்களுக்காக ஓட்டுப் போட்டபோது, அந்தத் தேர்தலில் அவருக்கு இடமில்லை. குப்பை கிடந்தால் ஊராட்சி வாரியத்தைக் கைகாட்டும், வாரியம் ஊராட்சியைக் கைகாட்டும். லிஃப்ட் நின்றால், ஏழாம் மாடி ஆயா குடத்தோடு படியேறிக்கொண்டே இரண்டு கைகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, லாரியில்கூட ஏறாதவர்கள். பாரிமுனையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் பிளாட்பாரத்திலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பேரன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இவர்களை வாக்காளராகச் சேர்ப்பதற்குத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் விதியை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். படிவம் 6இல் எழுதிய இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போக வேண்டும். அந்த ஆள் அங்கேதான் படுத்துத் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஓர் இரவு போதாது, மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். தூங்குவது உறுதியானால், இருப்பிடத்துக்குத் தாள் எதுவும் கேட்காமல் பெயரைச் சேர்த்துவிடலாம். அரசாங்கம் ஒருவரைத் தேடி ராத்திரியில் பிளாட்பாரத்துக்கு வந்து, 'ஆமாம், இவருக்கு வீடில்லை' என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டு போகிறது!

அதே ஆள் காலையில் எழுந்து வீடு கேட்டுப் போனால், 'இருப்பிடச் சான்று எங்கே?' என்கிறார்கள். இந்தியாவில் எங்குமே பக்கா வீடு கிடையாது என்று உறுதிமொழி கேட்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுப்பார். பிறகு பயனாளிப் பங்குத் தொகை என்கிறார்கள். அங்கே அவர் கண்ணைத் திறந்துவிடுவார். 2015இல் 'அனைவருக்கும் வீடு' என்று பிரதமர் திட்டம் வந்தது, கெடு 2022. கெடுவுக்கு மட்டும் நீட்டிப்பு மேல் நீட்டிப்பு கிடைத்தது. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011 கணக்கில், விரிந்த மாநகராட்சிக்கு ஏறக்குறைய 67 லட்சம் பேர். வகுத்துப் பார்ப்பதை உங்களுக்கே விடுகிறேன்.

காப்பகம் மாநகராட்சியின் வேலை, வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்தின் வேலை, ரயில்வே தூண் மத்திய அரசின் வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். மிகச் சரி. இந்த நகரத்தில் ஏழையின் ஓட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் அலுவலர் இருக்கிறார். அந்த ஏழையின் வீடு யார் பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை. இதை இத்தனை ஆண்டுகள் கட்டிக்காத்ததற்காகத்தான் இந்தப் பாராட்டே.

பாராட்டோடு நிறுத்தாமல் ஒரு கைம்மாறும் செய்ய விரும்புகிறேன். உங்கள் தலைமை அலுவலகம் மெரினாவுக்கு எதிரே இருக்கிறது. கூவம் முகத்துவாரமும் பக்கம்தான். வெள்ளம், சுனாமி என்று ஆபத்துகள் அநேகம். எனவே அலுவலகத்தைப் பெரும்பாக்கத்துக்கு மறுகுடியமர்த்தலாம். பள்ளி ஆண்டின் நடுவில், அதிகாரிகளைக் கைரேகை வைக்கச் சொல்லி, கோப்புகளோடு லாரியில் ஏற்றிவிடலாம். ஒரு பிரிவுக்கு 195 சதுர அடி தாராளம். வருகைப் பதிவேடு மட்டும் காமராசர் சாலையிலேயே இருக்கட்டும். காலை ஏழு மணிக்குக் கையெழுத்து.

இது சிரமமென்றால், சிறிய வேண்டுகோள்கள் மூன்று போதும். அகற்றப்போகும் பகுதி மக்களும் வார்டு கவுன்சிலரும் கூடிப் பேசித் தீர்மானம் போடாமல் லாரி கிளம்பக்கூடாது. இப்போதைய மன்றத்தின் காலம் முடிகிற 2027 தொடக்கத்துக்குள் அடுத்த மாநகராட்சித் தேர்தல் முடிந்திருக்க வேண்டுமென்று, இருக்கும் சட்டத்தையே அரசுக்கு ஒரு வரி நினைவூட்ட வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் எழுதிக்கொண்டு போன அந்தக் குறிப்பை, வீட்டு விண்ணப்பத்துக்கு இருப்பிடச் சான்றாக ஏற்க வேண்டும். ஓட்டுக்குச் செல்லுபடியாகும் தூக்கம் வீட்டுக்கும் செல்லுபடியாகட்டும்.

இப்படிக்கு,
வரியும் ஓட்டும் தவறாமல் போடுபவன்.

நகல்:
1. சென்னை மாநகராட்சி மன்றம், 2016–2022 – பெறுநர் இல்லை எனத் திரும்பி வந்தது.
2. மாநிலத் தேர்தல் ஆணையம் – அவசரமில்லை, வழக்கம்போல் எடுத்துக்கொள்ளலாம்.
3. வால்டாக்ஸ் சாலை பிளாட்பாரத்து வாக்காளர் – தபால்காரர் வரும் நேரத்தில் ஆள் மூட்டை தூக்கப் போயிருப்பார். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுத்தால் இரவில் சேர்த்துவிடுவார். அவருக்கு இடம் தெரியும்.