மூணாம் கை ரீடு

கிளாரினெட் பழக வரும் பிள்ளைக்கு எந்த ரீடு வாங்கலாம் என்று இன்று யாராவது கேட்டால், பதில் சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் போதாது. ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று என்று அரை அரையாக ஏறும் எண்கள். நீலப் பெட்டியா, ஆரஞ்சுப் பெட்டியா? அடிப்பாகம் தடித்ததா, சாதாரணமா? நாணலில் செய்ததா, கனடாவிலிருந்து வரும் பிளாஸ்டிக்கா? 1980-களில் கடம்பத்தூரில் இதே கேள்விக்கு எங்கள் பேண்டு மாஸ்டரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"இருக்கறத வச்சு ஊதுடா."

கடம்பத்தூர் அரக்கோணம் மார்க்கத்தில் இருக்கிறது. திருவள்ளூர் தாண்டினால் ஏகாட்டூர், அதற்கடுத்த ஸ்டேஷன். எங்கள் பேண்டு செட்டில் முழுநேர வித்வான் என்று யாரும் கிடையாது. டிரம்பெட் ஊதியவர் செங்கல் சூளையில் கணக்கு எழுதினார். பேஸ் டிரம் அடித்தவர் ரயில்வே கேங்மேன். மாஸ்டர் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்த்தார். முகூர்த்த நாள் வந்தால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்து லீவு போடுவார்கள். கல்யாணம், மாரியம்மன் தேர், சர்ச் சப்பரம், கட்சி ஊர்வலம், ஆயுத பூஜையன்று கம்பெனி கேட்டு வாசல் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். சாவுக்கும் போவோம். பாட்டு மட்டும் மாறும். சில சமயம் அதுவும் மாறாது.

நான் அந்த செட்டில் 'பையன்'. முதலில் மராக்கஸ் குலுக்கினேன். கை ஓயாமல் தாளம் தப்பாமல் குலுக்குகிறேன் என்று ஊர் ஒத்துக்கொண்ட பிறகுதான் கிளாரினெட் கைக்கு வந்தது. வாத்தியம் வந்ததே தவிர ரீடு வரவில்லை. ரீடு வருவதற்கு ஒரு படிக்கட்டு இருந்தது.

புது ரீடு வேண்டுமென்றால் மாஸ்டர் அரக்கோணம் யூனிட் பிடித்து சென்ட்ரலில் இறங்கி மவுண்ட் ரோடு போவார். 1842-இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கி, பிறகு மியூசி மியூசிகல் ஆன கடை இருப்பது அந்த ரோட்டில்தான். பெட்டியோடு வாங்க வசதியில்லை. ஒன்றிரண்டு உதிரி ரீடுதான். ரீடின் முதுகில் ஏதோ எண் பொறித்திருக்கும். அவர் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சீவிய பகுதிக்கு நடுவே நிழல் தெரியும். அந்த நிழல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்தால் நல்ல ரீடு, ஒரு பக்கம் கனத்தால் கத்தும் ரீடு. தோல் பச்சை பாய்ந்திருந்தால் முற்றாத நாணல், வேண்டாம். பொன்னிறத்தில் லேசாகப் புள்ளி விழுந்திருந்தால் சட்டைப் பைக்குப் போகும். தென் பிரான்சின் வார் வட்டாரத்தில் விளைந்து, வெட்டி, காய்ந்து, கப்பலேறி வந்த நாணலுக்குக் கடைசித் தேர்வு எங்கள் மாஸ்டரின் வலது கண்.

அந்தப் புது ரீடில் ஒரு முகூர்த்த சீசன் முழுக்க அவரே வாசிப்பார். எச்சிலில் ஊறியும் காற்றில் அதிர்ந்தும் அதன் விறைப்பு தளரும். தளர்ந்ததும் இரண்டாம் கிளாரினெட்காரருக்குப் போகும். அவர் அதை இன்னும் சில மாதம் கசக்குவார். பிறகு ஒரு நாள், பெரிய மனது பண்ணி, "இந்தாடா" என்று என் கைக்கு வரும். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். நுனி வெற்றிலை போட்ட உதட்டின் நிறத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் எத்தனையோ டீக்கடைகளில் தனித் தம்ளர் வைத்திருந்த காலம் அது. எங்கள் செட்டில் மூன்று சாதி, இரண்டு மதம். ரீடு மட்டும் யாரையும் விசாரிக்காமல் வாய்விட்டு வாய் போய்க்கொண்டிருந்தது. அதைச் சமத்துவம் என்று யாரும் சொல்லவில்லை. சிக்கனம் என்றுதான் சொன்னார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு நான் படித்த கிளாரினெட் பாடப் புத்தகங்கள் எல்லாம் ஆரம்பப் பிள்ளைக்கு மெல்லிய ரீடுதான் கொடுக்க வேண்டும் என்கின்றன. இரண்டில் தொடங்கு, மிஞ்சினால் இரண்டரை. காரணம் எளிது. வாய்முனைக்கும் ரீடு நுனிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சந்து. ஊதும்போது ரீடு துடித்து அந்தச் சந்தை மூடித் திறக்கிறது. அந்தத் துடிப்புதான் நாதம். ரீடு விறைப்பாக இருந்தால், பழகாத உதட்டுக்கு அதைத் துடிக்க வைக்கத் தெம்பு இருக்காது. காற்று மட்டும் வரும். பிள்ளை என்ன செய்யும்? கடிக்கும். கீழ்ப்பல் உதட்டின் உள்பக்கத்தைக் கிழிக்கும், சாப்பாட்டில் காரம் ஏறாது, மறுநாள் பெட்டியைத் திறக்கவே மனசு வராது. அளவுக்கு மிஞ்சி மெலிந்திருந்தாலும் தொல்லைதான்: கொஞ்சம் அழுத்தினாலே சந்து மூடிக்கொள்ளும், மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கும். எனக்கு வந்த மூணாம் கை ரீடு எந்தக் கணக்கிலும் இரண்டைத் தாண்டியிருக்காது. பாடத்திட்டம் செய்ய வேண்டிய வேலையை எங்கள் மாஸ்டரின் கஞ்சத்தனம் செய்துகொண்டிருந்தது, சம்பளம் வாங்காமல்.

உழைத்து ஓய்ந்த ரீடில் உயிர் இருக்காது என்பது வேறு விஷயம். நாதம் மொண்ணையாக வரும். ஆனால் கல்யாண ஊர்வலத்தில் பேஸ் டிரம்முக்குப் பக்கத்தில் நடக்கிறவனின் நாதம் மொண்ணையா கூர்மையா என்று மாப்பிள்ளை வீட்டார் யாரும் வந்து கேட்டதில்லை.

ரேழியில் உட்கார்ந்து மாஸ்டர் செய்யும் ரீடு வைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரீடு ரொம்பத் தொய்ந்துவிட்டால் நுனியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அப்போது மிச்சமிருப்பதில் விறைப்பு கூடும். அதற்கென்றே வெளிநாட்டில் கத்தரிக்கும் கருவி உண்டு. எங்களிடம் நாலணா இருந்தது. ரீடின் நுனி மேல் நாலணா நாணயத்தை அழுத்தி, அதன் வட்ட விளிம்புக்கு வெளியே ஒரு மயிரிழை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டுவார். நீட்டியிருந்தது கருகி உதிரும். நாணயத்தின் வளைவு ரீடுக்கு வந்துவிடும். அமெரிக்காவிலும் பழைய ஆட்கள் தங்கள் சில்லறையை வைத்து இதையே செய்திருக்கிறார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது என்று ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, நாடு அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு தொழிற்கருவியை அரசாங்கம் திரும்பப் பெற்றுக்கொண்டது என்பது பேண்டு செட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் புரிந்திருக்கும்.

ரீடை வாய்முனையோடு இறுக்கும் லிகேச்சரின் திருகு எப்போதோ தொலைந்துவிட்டது. அதற்குப் பதில் நூல் சுற்றிக் கட்டியிருந்தோம். ஜெர்மனியில் பல பெரிய வித்வான்கள் இன்றும் வேண்டுமென்றே நூலால்தான் கட்டுகிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது, திருகைத் தொலைத்த புண்ணியவானுக்கு மனதுக்குள் ஒரு மாலை போட்டேன்.

அந்த நாளில் எனக்குப் பொறாமை நாயனக்காரர்கள் மேல்தான். திருவள்ளூர் வீரராகவர் கோயில் உற்சவத்தில் நாயனத்திலிருந்து கொத்தாகத் தொங்கும் சீவாளிகளைப் பார்த்து நிற்பேன். காவிரிக் கரைக் கொறுக்கையில் திருவாவடுதுறையில் செய்து வருவது அது. ஒன்று பிடிக்கவில்லையா, கழற்றி அடுத்ததைச் சொருகுவார். வாசிப்பு நின்றதே தெரியாது. தேர்ந்தெடுப்பது என்றால் அது. என் வாத்தியத்தில் தொங்கியதெல்லாம் நூலின் முடிச்சு.

கிளாரினெட்டும் சாமானிய வம்சமில்லை. 1700 வாக்கில் நியூரம்பர்க்கில் டென்னர் என்பவர் பட்டறையில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர்க் கச்சேரிக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ. இவ்வளவு பெருமை இருந்தும் கடம்பத்தூரில் அதன் பெயர் 'பீப்பீ'.

இப்போது என் தங்கை மகள் கிளாரினெட் பழகுகிறாள். டிரினிட்டி கிரேடு பரீட்சை, வாரத்தில் இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு. அவளுக்கு மூணாம் கை இல்லை, இரண்டாம் கையும் இல்லை. எல்லாம் முதல் கை. நான்கு ரீடுகளை வரிசையாகப் படுக்கவைக்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் எண், தேதி. ஒரே ரீடில் தொடர்ந்து வாசிக்கக் கூடாது, முறைவைத்து மாற்ற வேண்டும், புதியதை முதல் சில நாள் சில நிமிஷம் மட்டும் ஊத வேண்டும். இதெல்லாம் சரியான முறைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ரீடுகளுக்கு வாராந்திர ஓய்வு நாள் உண்டு. அவள் அப்பாவுக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் அது கிடைப்பதில்லை.

பெட்டிக்குள் ஒரு பொட்டலம் இருக்கிறது. உள்ளே ஈரப்பதம் எழுபத்திரண்டு சதவீதத்தை விட்டு ஏறாமல் இறங்காமல் அது பார்த்துக்கொள்ளுமாம். ஐப்பசி மாதம், கூவம் கரை தளும்பி, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும் கடம்பத்தூரில், காசு கொடுத்து வரவழைத்த ஈரப்பதம். பொட்டலத்துக்கு இங்கே வேலையே இல்லை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் பழகுவது ஏசி அறையில். அங்கே நிஜமாகவே வறட்சிதான். பொட்டலம் இல்லாவிட்டால் ரீடின் நுனி அலையலையாக நெளிந்துவிடும்.

எண்தான் வீட்டில் பெரிய விவகாரம். முதலில் ஒன்றரை வாங்கினார்கள், சரியாக இருந்தது. பிறகு இரண்டு. அதுவும் சரி, உதடு தேறத் தேற ஏறுவது நியாயம். இதற்குள் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் எண்ணைக் கேட்டு வைத்துக்கொண்டார்கள். "உங்க பொண்ணு இன்னும் ரெண்டா?" என்று ஒருத்தி கேட்டாளாம். என் தங்கைக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது. மறுநாள் மூன்று ஆர்டர் ஆனது.

"ரெண்டரை என்னாச்சு?" என்றேன்.

"டபுள் புரமோஷன்" என்றார் மாப்பிள்ளை.

ரீடில் இருக்கும் எண் வகுப்பும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அது தடிமன் கூட இல்லை. ஒரே வகை ரீடுகளை எல்லாம் ஒரே அளவில்தான் வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு எது எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று அளந்து எண் போடுகிறார்கள். நாணலின் விறைப்புதான் எண். ஒரு கம்பெனியின் இரண்டரை இன்னொரு கம்பெனியின் இரண்டுக்குச் சமமாக இருக்கும். வாய்முனையின் சந்து அகலமாக இருந்தால் பெரிய வித்வானும் மெல்லிய ரீடுக்கு இறங்குவார். பாரிஸ் ஆப்பராவில் வாசித்த யூஜீன் வான் டோரன் 1905-இல் ரீடு செய்யத் தொடங்கியபோது, அவர் பெயர் போட்ட நீலப் பெட்டியை வைத்துக் கடம்பத்தூரில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். "நீ பீப்பீ ஊதின காலம் வேற அண்ணே" என்றாள்.

மூன்று போட்டதிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. அறைக் கதவுக்கு வெளியே நின்றால் குக்கர் விசிலுக்கு முந்தைய காற்று மட்டும் கேட்கிறது. அவள் உதட்டைத் தடவிக்கொண்டே வெளியே வருகிறாள். ஆன்லைன் டீச்சரும் எண்ணைத்தான் கேட்கிறார். கம்ப்யூட்டரின் மைக் இரைச்சலைக் குறைக்கிறேன் பேர்வழி என்று காற்றுச் சத்தத்தை வடிகட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் அவள் சுத்தமாக வாசிப்பதாகத்தான் கேட்கிறதாம்.

ஒரு நாள் அவள் தூக்கிப் போட்ட ஒன்றரையை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நிழல் இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்திருந்தது; அருமையான ரீடு. "இதைப் போட்டு ஒரு தடவை ஊது" என்றேன். ஊதினாள். கீழ் ஸ்தாயி வீடு முழுக்க நிறைந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். பெண்ணின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்த வேகத்தில் போனது.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இது பிகினர் ரீடு."

"நீ யாரு?"

"நான் கிரேடு டூ."

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவள் அப்பாவின் கம்பெனியில் அவளை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் பேண்டு செட்டு வைப்பார்களாம். இப்போது கூலி கட்டுப்படியாகவில்லை, ஸ்டாப் பிள்ளை என்றால் ஒரு டிபன் பாக்ஸ் பரிசோடு முடிந்துவிடும். கேட்டு வாசலில், லாரி இரைச்சலுக்கு நடுவே, திறந்த வெளியில். அங்கே காற்றுச் சத்தத்தை வடிகட்ட மைக்கும் இல்லை.

"எந்த ரீடு போடப்போறே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்பவே சொல்ல முடியாது மாமா. அன்னிக்கு ஹ்யுமிடிட்டி பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்."