மாமா சொல்ற பத்தியம்

வாய்யா மருமவனே, உக்காரு. காலையில ஆவாரம்பூக் கசாயம், பத்து மணிக்குப் பாவக்காச் சாறு, மத்தியானம் நாவக்கொட்டைப் பொடி, ராத்திரி வெந்தயம். இனி உங்க வீட்டு ஆட்டுக்குத் தழை மிஞ்சாது போல.

சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டயாமே. "அது கெமிக்கல், நமக்கு மூலிகைதான்"னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறயாம். நீ தூக்கிக் கடாசின மெட்பார்மினுக்குப் பூர்வீகம் தெரியுமாய்யா? ஐரோப்பாவுல கலேகான்னு ஒரு செடி. அடிக்கடி ஒண்ணுக்குப் போற ஆளுக்கு அங்க நாட்டு வைத்தியத்துல அதைக் குடுத்தாங்க. மேஞ்ச செம்மறி ஆடு செத்தும் போச்சு. அதுக்குள்ள இருந்த கலேஜினுக்குப் பங்காளியான சரக்கு ஒண்ணை 1922-ல டப்ளின்ல செஞ்சாங்க. அதுதான் மெட்பார்மின். கேப்பாரில்லாமக் கிடந்துச்சு. 1957-லதான் ஜான் ஸ்டெர்ன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், சர்க்கரைக்காரங்களுக்குக் குடுத்துப் பாத்து எழுதுனாரு. ஆக, நீ செடியை விட்டுட்டுச் செடிக்கு வந்திருக்க. கெட்டிக்காரன்தான்.

பாவக்காயைக் குறை சொல்லல. எலிக்குச் சர்க்கரை எறங்குச்சுன்னு கட்டுக்கட்டா எழுதியிருக்காங்க. ஆனா அதுல பல எலிக்குச் சர்க்கரை வந்ததே ஊசி போட்டுக் கணையத்தைக் கெடுத்ததாலதான்யா! மனுசங்ககிட்ட நடந்த சோதனைகளைச் சேத்து அலசுனவங்க, ஆதாரம் பத்தாதுன்னு கையை விரிச்சுட்டாங்க. எலி பாவம், சாறு குடிச்ச தைரியத்துல ரெண்டாம் பந்திக்கு உக்காராது.

வெந்தயத்துல ஞாயம் இருக்கு. அதோட நார் குடல்ல கொழகொழன்னு நின்னு, சர்க்கரை ரத்தத்துல ஏறுறதை மட்டுப்படுத்தும். நீதான் அந்தத் தெம்புல நாலு இட்லியை ஆறாக்கிட்ட.

டாக்டர்கிட்டப் போய்யா. குடிக்கிற கசாயத்தையெல்லாம் மறைக்காமச் சொல்லு. சில மாத்திரையோட இதுவும் சேந்தா சர்க்கரை மட்டுமீறித் தாழ்ந்து ஆளைச் சாச்சுப்புடும். மூணு மாசச் சராசரி காட்டுற ரத்தப் பரிசோதனையும் எடுத்துரு. முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாத்துவயே, அந்த ஜோலி அங்க செல்லாது.

ஒரே ஒரு தழை மட்டும் நானே உனக்குப் பறிச்சுத் தாரேன். சிறுகுறிஞ்சான். ரெண்டு இலையை நல்லா மென்னுட்டுச் சீனியை வாயில போடு, மணலைத் தின்ன கணக்கா இருக்கும். இனிப்பை அறியிற இடத்தை அதுல இருக்குற அமிலம் அடைச்சுப்புடும். அரைமணி நேரம்கூடத் தாங்கும். உள்ள உங்க அத்தை அதிரசம் சுடுறா. நீ மெல்ல ஆரம்பி, உன் பங்கை நான் பாத்துக்கிடுறேன்.