வாயுபந்தமும் வண்டலும்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

மொட்டைமாடித் தொட்டி நிறைந்து வழிய, சமையலறைக் குழாயைத் திருகினால் முதலில் ஓர் இருமலும், அதனைத் தொடர்ந்து நீண்டதொரு பெருமூச்சும், அதற்குமேல் பரிபூரண மௌனமும் மட்டுமே வெளிப்படுகின்ற விசித்திரத்தைப் பிளம்பர்கள் ‘ஏர் லாக்’ என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுவது ஆராய்ச்சி உலகத்துக்கு இழைக்கப்பட்ட பேரநீதி என்பதே இக்கட்டுரையின் பிரதிக்ஞையாகும்.

பஞ்சபூத ஸ்தலங்களுள் பிருதிவிக்குரியது எங்கள் காஞ்சிபுரம்; அப்புவுக்குத் திருவானைக்கா; வாயுவுக்குக் காளஹஸ்தி. இம்மூன்றையும் சேவிக்க மாநிலம் விட்டு மாநிலம் யாத்திரை செய்ய வேண்டும். எங்கள் வீட்டு முக்கால் அங்குலக் குழாயிலோ மூன்றும் ஒருங்கே எழுந்தருளியிருக்கின்றன.

வாயு மூவகைப்படும். உதரவாயு, பெருங்காயத்தால் தீரும். பிரசங்கவாயு தீராது. மூன்றாவதாகிய குழாய்வாயுவே நமது விஷயம். தொட்டி ஒருமுறை முற்றும் வற்றினால் குழாயினுள் காற்று புகுந்து, நிலைவாசலுக்கு மேலே குழாய் ஏறி இறங்குகின்ற வளைவின் உச்சியைப் பிடித்துக்கொள்கிறது. பத்து மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பமே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமென்பது பௌதிக சாஸ்திரம். எங்கள் தொட்டியோ குழாய்க்கு மூன்று மீட்டர்கூட மேலே இல்லை. இந்த அற்ப பலத்தைக் கொண்டு வளைவுதோறும் குடியேறிய காற்றைக் காலிசெய்விப்பது அரிது.

அதனை வெளியேற்றும் மார்க்கத்தில்தான் அபிப்பிராய பேதம். தூப்புலில் வேதாந்த தேசிகர் அவதரித்த இவ்வூரில் இரண்டு கலைகள் தோன்றாமல் எந்த விவகாரமும் முற்றுப்பெறாது. மர்க்கட நியாயக்காரர்கள், குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல் காற்றும் தன் மோட்சத்துக்குத் தானே முயலவேண்டுமாதலால், எல்லாக் குழாய்களையும் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும் என்பர். மார்ஜார நியாயக்காரர்கள், தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் பிளம்பரே வந்து அனுக்கிரகிக்க வேண்டும் என்பர். பிளம்பருடைய கிருபையோ நிர்ஹேதுகமானது. காரணமின்றி வரும், காரணமின்றி வராமலும் இருக்கும்.

முதற்கட்சிக்கு ஆதாரம், எதிர்வீட்டுப் பால்கணக்கு நோட்டின் பின்னட்டையில், நெய்க்கறைக்குச் சற்றுக் கீழே காணப்படும் பென்சில் குறிப்பு. இரண்டாங்கட்சிக்கு ஆதாரம், எங்கள் மோட்டார் அறைச் சுவரில் கரியால் எழுதப்பட்டுள்ள ‘கேட் வால்வு இடது பக்கம்’ என்னும் சாசனம். ‘இடது’ என்பது எவருடைய இடது என்பதில் உரையாசிரியர் மூவரும் முரண்படுகின்றனர்: ஒருவர் சுவரை நோக்கி நின்று உரை செய்தார், ஒருவர் சுவருக்கு முதுகு காட்டி நின்றார், மூன்றாமவர் மோட்டார் அறைப்பக்கம் போனதே இல்லை. மூன்றாவது உரையே பாடத்திட்டத்தில் வைக்கத் தகுந்ததென்று அறிஞர் உலகம் கருதுகிறது.

இனி வண்டல். அனந்தசரஸில் சயனித்திருக்கும் அத்தி வரதர் நாற்பதாண்டுக்கொருமுறை, 1979க்குப் பின் 2019இல், எழுந்தருளி நாற்பத்தெட்டு நாள் சேவை சாதித்தார். எங்கள் தொட்டியின் அடித்தளமும் ஏறக்குறைய அதே கால இடைவெளியைத்தான் அனுசரித்து வருகிறது. சென்ற மாதம் ஐந்து நிமிஷம் காட்சியளித்தது. இரும்பின் செம்மையும், உப்பின் வெண்மையும், பாசியின் பசுமையும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கக் கண்ட என் நண்பரொருவர், சரித்திர ஆராய்ச்சியில் பற்றுடையவர், இது ராஜசிம்ம பல்லவன் காலத்தது என்றார். தொட்டி பிளாஸ்டிக் என்பதை விநயத்துடன் நினைவூட்டினேன். “தொட்டி பிற்காலச் சேர்க்கை” என்றார்.

இந்நிலையில், பக்கத்துத் தறிவீட்டுப் பையன் வந்து, மோட்டார் தண்ணீர் நேரே வரும் கொல்லைக் குழாயையும், ஊமையாகிப்போன சமையலறைக் குழாயையும் ஒரு ரப்பர் டியூபால் இணைத்து, இரண்டையும் திறந்துவிட்டான். தண்ணீர் கீழிருந்து மேலேறிற்று. மாடித் தொட்டியில் காற்று குமிழிகளாகக் கொப்பளித்து வெளியேறிற்று.

“சிக்கு விழுந்த இழையை வந்த வழியேதான் திருப்பணும் தாத்தா. தண்ணி வந்துடுச்சு, டியூபைக் கழட்டிடவா?” என்றான்.

மூன்றாம் அத்தியாயம் எழுதி முடியும்வரை சற்றுப் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன்.