மருமகன் போட்ட கடை

மக்கள் தொடர்பைக் கல்லூரிப் பாடமாக்கிய முன்னோடி எட்வர்ட் பெர்னேஸ். 1923இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்தார். அதே ஆண்டு அந்தத் துறைக்கு ஒரு புத்தகமும் போட்டார். வாத்தியாரும் அவரே, கோனார் உரையும் அவருடையதே.

மனிதருக்குத் தாய்மாமன் யார் தெரியுமா? சிக்மண்ட் ஃப்ராய்ட். ஃப்ராய்டின் மனைவியோ பெர்னேஸுக்கு அத்தை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். மாமா வைத்தியத்துக்காக ஆழ்மனத்தைத் தோண்டினார். மருமகன் அங்கேயே கடை போட்டார்.

1929 ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்தில் நாகரிகமாக உடுத்திய சில பெண்கள் சிகரெட் பற்றவைத்தார்கள். அவை சிகரெட் அல்லவாம், 'விடுதலைச் சுடர்கள்'! பத்திரிகைகள் பரபரத்தன. ஏற்பாடு பெர்னேஸ், பணம் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டைத் தயாரித்த கம்பெனி என்பதை மட்டும் ஊருக்குச் சொல்லவில்லை. 1934இல் லக்கி ஸ்ட்ரைக்கின் பச்சைப் பெட்டி பெண்களின் உடைக்குப் பொருந்தவில்லை என்று பேச்சு வந்தது. பெட்டியை மாற்ற முதலாளிக்கு மனமில்லை. சரி, பச்சையையே ஃபேஷனாக்குவோம் என்று பெர்னேஸ் பச்சை நடன விருந்தே நடத்தவைத்தார்.

இன்றும் மக்கள் தொடர்பு மாணவர்கள் படிப்பது இந்தக் கதைகளைத்தான். நேர்மை பற்றிய பாடத்துக்குப் பக்கத்திலேயே.

பின்னாளில் புகைபிடிப்பதற்கு எதிரான பிரசாரத்துக்கும் அவரே யோசனை சொன்னார். 1995இல் காலமானபோது அவருக்கு வயது 103.