நிரபராதிக்குப் பென்ஷன் இல்லை

1920 ஜூன் 28 அன்று பஞ்சாபின் ஜலந்தரில், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் படைப்பிரிவான கன்னாட் ரேஞ்சர்ஸ் சிப்பாய்கள் சிலர், இனி ராஜாவுக்கு வேலை செய்ய மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். கலகம் சோலனுக்கும் பரவியது. அதில் தண்டனை பெற்று ராணுவப் பென்ஷனை இழந்தவர்களுக்கு 1936இல் அயர்லாந்தின் சொந்த அரசாங்கம் சட்டம் போட்டுப் பென்ஷன் தந்தது. 16 வருஷம். சர்க்கார் நன்றிக்கு அது நல்ல வேகம்தான். கீழே பேசுகிற இருவரும் கற்பனை. சட்டம் கற்பனை இல்லை. இடம், டப்ளினில் ஓர் அலுவலகம்.

குமாஸ்தா: உட்காருங்கள் ஐயா. கலகம் செய்தீர்களா?

சிப்பாய்: செய்தேன் தம்பி. பிரிட்டிஷாரின் பிளாக் அண்ட் டான்ஸ் படை வீடு புகுந்து அடிக்கிறது என்று ஊரிலிருந்து சேதி வந்தது. அங்கே நம்மை அடிக்கிறவனுக்காக இங்கே பஞ்சாபியை நாம் அடிப்பதா? முந்தின வருஷம்தான் அமிர்தசரஸில் அத்தனை பேரைச் சுட்டிருந்தார்கள்.

குமாஸ்தா: படிவத்தில் மனசாட்சிக்குக் கட்டம் இல்லை. செய்தது என்ன?

சிப்பாய்: பஜாரில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சுத் துணி வாங்கி நம் கொடியை ஏற்றினோம்.

குமாஸ்தா: துணிக்கு ரசீது?

சிப்பாய்: கலகத்துக்குப் போகிறவன் ரசீதா கேட்பான்?

குமாஸ்தா: போகட்டும். தண்டனைத் தீர்ப்புதான் முக்கியம். பலருக்கு மரண தண்டனை விதித்தார்கள், ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குக் குறைத்தார்கள். அவர்கள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவேன். உங்களுக்கு எத்தனை வருஷம்?

சிப்பாய்: விடுதலை.

குமாஸ்தா: 1923 ஜனவரியில்தானே? சிறையில் மிச்சமிருந்தவர்களை அப்போதுதான் விட்டார்கள்.

சிப்பாய்: இல்லை தம்பி. ராணுவக் கோர்ட்டிலேயே விட்டுவிட்டார்கள். சாட்சி போதவில்லையாம்.

குமாஸ்தா: அடடா! (பேனாவைக் கீழே வைக்கிறார்.) ஆட்சேபிக்கவில்லையா?

சிப்பாய்: என்னையும் சுடுங்கள் என்றா?

குமாஸ்தா: கொஞ்சம் முன்யோசனை வேண்டாமா ஐயா? சுட்டுக் கொல்லப்பட்ட அந்த ஒருவர், ஜேம்ஸ் டேலியைப் பாருங்கள். 1920 நவம்பர் 2, டக்‌ஷாய் சிறை. குற்றம், தீர்ப்பு, தேதி எல்லாம் எவ்வளவு சுத்தம்!

சிப்பாய்: ஆள்தான் இல்லை. சரி, சோலன் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தபோது குண்டடிபட்டுச் செத்தார்களே இருவர்? அவர்கள் கோர்ட்டுக்கே போகவில்லையே.

குமாஸ்தா: அந்தக் கோப்பு வேறு மேஜை.

சிப்பாய்: ஏன் தம்பி, நம் ஊரில் யார் தேசபக்தன் என்று இன்னமும் இங்கிலாந்து ராஜாவின் கோர்ட்தான் சொல்ல வேண்டுமா?

குமாஸ்தா: அவர்களை விரட்டியது வேறு விஷயம். கோப்புகளை நன்றாக வைத்திருப்பார்கள்.

சிப்பாய்: நான் சத்தியம் செய்கிறேன். என்னோடு நின்றவர்கள் சாட்சி சொல்வார்கள்.

குமாஸ்தா: சத்தியத்தை நம்பினால் கஜானா தாங்காது. அன்றைக்கு ஜலந்தரில் இருந்தவர்களைவிட இன்றைக்கு டப்ளின் மதுக்கடைகளில் கலகக்காரர்கள் அதிகம்.

சிப்பாய்: அது வாஸ்தவம். அதில் பாதிப் பேர் கல்கத்தாவையும் ஜலந்தரையும் ஒரே ஊர் என்கிறார்கள். ஆனால் நான் பொய் சொல்லவில்லை. கலகம் செய்தவன்தான்.

குமாஸ்தா: நீங்கள் சொன்னால் ஆயிற்றா? குற்றவாளி இல்லை என்று முறையான நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதை மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. (எழுதுகிறார்.) "விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் நிரபராதி."