பெட்டைப் பூனையின் நள்ளிரவுக் கூப்பாடும் கூடத்து டியூப்லைட்டும்: ஓர் ஆய்வு

நள்ளிரவில் பெட்டைப் பூனை போடும் கூப்பாட்டுக்கு அறிஞர் பெருமக்கள், அதாவது மாடி வீட்டாரும் எதிர்வீட்டுப் பாட்டியும், மூன்று காரணங்கள் சொல்லி வந்துள்ளனர்: பசி, வயிற்றுவலி, வீட்டுக்கு ஆகாத காலம். மூன்றும் செல்லா. பசியெனின், தட்டில் வைத்த மீன் அப்படியே கிடக்கிறது. வலியெனின், வாலடியைத் தொட்ட கையை அது பிறாண்ட வேண்டும். அதுவோ முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஒருபுறம் ஒதுக்கி, பின்னங்கால்களால் தரையை மாற்றி மாற்றி மிதிக்கிறது. ஃபிரிட்ஜின் மூலையில் கன்னத்தைத் தேய்த்துவிட்டு உருள்கிறது. பருவத்துக்கு வந்ததன் அடையாளம் இது. (வலியென்று பாரசிட்டமால் கொடுப்போர் உண்டு. அரை மாத்திரையே பூனையின் உயிரைக் குடித்துவிடும். இதில் வேடிக்கை ஏதுமில்லை.) ஆகாத காலம் என்பதை ஏற்றாலோ, பூனை வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் ஆண்டு முழுவதும் ஆகாத காலம் என்றாகும்.

ஆண்டு முழுவதும் ஏன் என்பதே நம் வினா. கூடத்து டியூப்லைட்டே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. பூனையின் பருவத்தை முடுக்குவது பகலின் நீளம். நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் வெளிச்சம் பட்டால் சினைப்பை வேலையைத் தொடங்கும். இருள் நீண்டால் மெலடோனின் என்னும் ஹார்மோன் கூடி, சினைப்பை ஓய்ந்துவிடும். வட ஐரோப்பாவில் குளிர்காலத்து இரவுகள் அமைதியாகக் கழிவது இதனால்தான். சென்னையிலோ மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அதன்மேல் சீரியல் முடியும்வரை டியூப்லைட்டும் எரிந்தால் பூனைக்கு என்றும் சித்திரைதான். கரண்டு வராத காலத்திலும் பூனை கத்தியதே எனின், உண்மை. சூரியன் முதல் குற்றவாளி, டியூப்லைட் உடந்தை. சூரியன்மேல் வழக்குப் போட வழியில்லாததால் உடந்தையைப் பிடித்தோம். விளக்கை அணைத்தால் போதாதோ எனின், போதாது. தொடங்கிவிட்ட பருவம் இருட்டுக்கு அஞ்சாது. ஏறக்குறைய ஒரு வாரம் ஓடியே தீரும். சீரியலைத் துறக்கும் குடும்பத்துக்கு வேறு எங்கே போவது?

கதவைச் சாத்தி வைத்தால் தீராதோ என்பது அடுத்த தடை. கடுவனோடு சேர்ந்த பிறகுதான் பெரும்பாலும் கருமுட்டை வெளிவரும். சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பருவம் திரும்பும், வாசற்கதவில் மூத்திரம் பீய்ச்சிப் போன கடுவனும் திரும்பும். ஒரு ஈத்துப் போட்டால் அடங்கிவிடும் என்பார் கூற்றோ கணக்கில் தோற்கிறது: சுமார் 65 நாளில் குட்டிகள், பால் கொடுக்கும்போதே தாய் மறுபடி பருவத்துக்கு வரலாம், ஆறு மாதத்தில் மகள்களும் கச்சேரியில் சேரும். ஆகவே விளக்கைக் குற்றவாளி என நிறுவியும் தண்டனை பூனைக்கே போகிறது: கருத்தடை அறுவை சிகிச்சை. ஐந்தாம் மாதத்திலேயே செய்துவிட்டால் மார்புக் கட்டிக்கான வாய்ப்பும் பெருமளவு குறையும். பருவத்தின்போது ரத்த ஓட்டம் மிகுந்திருப்பதால், கத்தல் ஓய்ந்ததும் செய்வதையே பல மருத்துவர்கள் விரும்புவார்கள். அதுவரை ஜன்னலுக்கு வலை அடியுங்கள், மாடி வீட்டாரிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள், கால்நடை மருத்துவரிடம் இன்றே நாள் குறித்துவிடுங்கள்.