ஊசி போன போக்கில்

1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர்களுக்கு அறிவியல் மீது பெரிய பாசம் எதுவும் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது துணி. கோரமண்டலத் துணியைக் கிழக்கே கொண்டுபோய் இறக்கினால்தான் அங்கே மிளகும் கிராம்பும் கைக்கு வரும். அப்படித் துணி வாங்க வந்த கூட்டம், தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் பூமியின் காந்தப்புலத்துக்கு நாட்குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

காந்த ஊசி வடக்கைக் காட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது பாதிதான் உண்மை. அது வடக்குக்குப் பக்கத்தில் எங்கேயோ காட்டும். எவ்வளவு தள்ளி என்பது இடத்துக்கு இடம் மாறும். இதைக் கணக்கில் எடுக்காத கப்பல், பழவேற்காட்டுக்குக் கிளம்பி வேறு எந்தக் கரையிலாவது போய் முட்ட வேண்டியதுதான். ஆகவே மாலுமி விடியற்காலையில் எழுந்து, சூரியன் கடலை விட்டுத் தலைதூக்கும்போது அது திசைகாட்டியில் எந்தப் பாகையில் நிற்கிறது என்று பார்ப்பான். அன்றைக்கு அது உண்மையில் எங்கே உதிக்க வேண்டும் என்பது அட்டவணையில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஊசியின் விலகல். அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

இந்த விலகலை வைத்துப் பெரிய கோட்டை ஒன்றைக் காற்றில் கட்டியவர் பெட்ருஸ் பிளான்சியுஸ். ஆம்ஸ்டர்டாமில் பாதிரியார், வரைபடக்காரர், ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கி வைத்த புண்ணியவான்களில் ஒருவர். பரலோகத்துக்கே வழி சொல்கிறவருக்கு ஜாவாவுக்கு வழி சொல்லத் தெரியாதா? அந்தக் காலத்துக் கப்பல்காரனுக்கு அட்சரேகை சுலபம். சூரியனோ நட்சத்திரமோ சொல்லிவிடும். தீர்க்கரேகைதான் பிடிபடாது. ஊசி எவ்வளவு விலகுகிறது என்று பார், தீர்க்கரேகை தானாக வந்துவிடும் என்றார் பிளான்சியுஸ்.

வரவில்லை. 1580இல் லண்டனில் ஊசி கிழக்கே 11 பாகைக்கு மேல் விலகி நின்றது. 1634இல் ஹென்றி ஜெல்லிபிராண்ட் அளந்து பார்த்தால் ஏறக்குறைய 4 பாகை. ஊசி ஊருக்கு ஊர் மட்டுமில்லை, காலம் போகப் போகவும் கட்சி மாறுகிறது! பூமியின் வயிற்றுக்குள் உருகிய இரும்பு சும்மா இருப்பதில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிளான்சியுஸ் 1622லேயே கண்ணை மூடிவிட்டதால் இந்த அவமானத்தைப் பார்க்காமல் தப்பித்தார்.

ஆனால் மாலுமிகள் எழுதுவதை நிறுத்தவில்லை. வழி தெரிய வேண்டுமே. இதே கம்பெனிதான் பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக ஜாவாவின் பட்டேவியாவுக்கு ஏற்றியது. ஊசி அரைப் பாகை நகர்ந்தால் கவலைப்பட்ட கம்பெனிக்கு அவர்கள் வெறும் தலைக்கணக்கு.

காந்தத்தை அளப்பதற்கென்றே ஆள் போட்டவர்கள் ஆங்கிலேயர்கள். ஜெர்மனியில் கணித மேதை கௌஸ் தொடங்கி வைத்த காய்ச்சல் 1840 வாக்கில் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியையும் தொற்றியது. சென்னை, பம்பாயின் கொலாபா, சிம்லா, சிங்கப்பூர் என்று நாலு இடத்தில் காந்த ஆய்வுக்கூடம். இந்த உலகளாவிய முயற்சிக்கு இங்கிலாந்தில் வைத்த பெயர் ‘காந்தச் சிலுவைப்போர்’. போரில், சென்னை ஆய்வுக்கூடம் இருந்த நுங்கம்பாக்கத்துக்குக் கிடைத்த பங்கு கண்விழிப்பு. குறித்த நாட்களில் 24 மணி நேரமும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசியைப் பார்த்து எழுத வேண்டும். அதுவும் சென்னை நேரப்படி இல்லை, கௌஸ் இருந்த கோட்டிங்கன் ஊர் நேரப்படி! உள்ளே இரும்பு ஆகாது. இடுப்புச் சாவிக்கொத்தைக்கூட வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் ஊசியைத் தரிசிக்கப் போக வேண்டும்.

இவ்வளவு ஆசாரமாக அளந்தார்களே, அச்சில் வந்ததா? வந்தது. இயக்குநர் ஜேக்கப் காலத்தில் 1851 முதல் 1855 வரை எடுத்த அளவுகளை, பின்னால் வந்த போக்சன் 1884இல் வெளியிட்டார். ஜேக்கப் இறந்தே 22 வருஷம் ஆகியிருந்தது. அரசாங்கக் கோப்பு நகரும் வேகம் நாம் சுதந்திரத்துக்குப் பிறகு கண்டுபிடித்ததில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கொலாபாவுக்கு வேறு மாதிரிச் சனி. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், மின்சாரம் ஊசியை ஆட்டிவைக்கும் என்று பயந்து 1904இல் அலிபாகுக்கு மூட்டை கட்டினார்கள். புத்திசாலித்தனம்தான். இன்றைக்குப் பழவேற்காட்டுக்கு அக்கம்பக்கத்தில் காந்தமானி வைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால், கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. சிப்காட்டின் இரும்பு உருக்கும் உலைகளுக்கும், கம்பிக் கட்டு ஏற்றிப் போகும் டிரெய்லர்களுக்கும் நடுவே அந்தக் கருவி கும்மிடிப்பூண்டியைத்தான் அளக்கும், பூமியை அளக்காது.

கடைசியில் கைகொடுத்தவை கப்பல் குறிப்பேடுகள்தான். ஆண்ட்ரூ ஜாக்சன், ஆர்ட் ஜோன்கர்ஸ், மேத்யூ வாக்கர் ஆகிய மூவர், ஆவணக் காப்பகங்களில் கிடந்த பழைய குறிப்பேடுகளிலிருந்து ஊசி விலகலை எல்லாம் திரட்டி, 2000இல் வெளியிட்டார்கள். 1800க்கு முந்தையவை மட்டுமே 83,000க்கு மேல் அளவுகள். அவற்றையும் பிற்கால அளவுகளையும் வைத்து 1590 முதல் 1990 வரை, 400 வருஷத்துக்குப் பூமியின் காந்தப்புலம் எப்படி நகர்ந்தது என்று வரைந்து காட்டினார்கள்.

ஒரே ஒரு தொல்லை. மாலுமி ஊசியை ஒழுங்காகப் பார்த்திருப்பான். கப்பல் எங்கே நிற்கிறது என்பதுதான் அவனுக்கே தெரியாது. பிளான்சியுஸ் தீர்க்காமல் விட்டுப்போன அதே தீர்க்கரேகை. வேகத்தையும் நாளையும் பெருக்கி உத்தேசமாக ஓர் இடத்தை எழுதி வைத்திருப்பான். நாள் ஆக ஆகப் பிழையும் ஏறிக்கொண்டே போகும். இந்தப் பிழைக்கு அந்த மூவரும் பயன்படுத்திய கணிதம், பிரௌனியன் இயக்கம். கணக்கு வாத்தியார்கள் இதை விளக்கக் கூப்பிடுவது ஒரு குடிகாரனைத்தான்: ஒவ்வோர் அடியும் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாத நடை. தெரிந்த கரை கண்ணில் பட்டதும் தள்ளாட்டம் அங்கே முடிந்ததாக வைத்து, வந்த வழி முழுவதையும் பின்னாலிருந்து திருத்திக்கொண்டார்கள். மாதக்கணக்கில் உப்புக்காற்றில் காய்ந்து கரை கண்ட கேப்டன்களில் பாதிப்பேர், அதற்குப் பிறகுதான் நிஜமாகவே தள்ளாட ஆரம்பித்திருப்பார்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் இல்லை.